மகள் வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகலாமா? – ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு இருபத்தேழு வயது. எம்.பி.ஏ. முடித்து நான்கு ஆண்டுகளாக ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறார். கரூரில் நீங்கள் கட்டிய வீட்டின் கடனில் மாதம் 15,000 ரூபாயை அவர்தான் அடைக்கிறார். இந்த நிலையில் வேலையை விட்டுவிட்டு நிறுவன நடத்தையியலில் (வேலையிடங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராயும் துறை) முனைவர் பட்டம் படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும் வீடே இடிந்து போயிருக்கிறது. படித்து முடித்த பெண் மறுபடியும் எதற்குப் படிக்க வேண்டும், வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்தால் ஆகாதா, முடித்தால் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், தயங்கித் தயங்கி, கல்யாணத்தையும் கேட்டிருக்கிறீர்கள்.

போன வாரம் உங்கள் மகள் என்னை நேரில் வந்து பார்த்தார். "அப்பாவிடம் என்னால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அதனால் அவர் காட்டியதிலிருந்தே தொடங்குகிறேன்.

பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். தொழிற்சாலைகளில் 'நியர் மிஸ்' பதிவேடு என்று ஒன்று உண்டு. விபத்து நடக்கவில்லை, ஆனால் நூலிழையில் தப்பியது என்றால் அதில் எழுத வேண்டும். தரையில் எண்ணெய் கசிந்து கால் வழுக்கியது, பிரஸ் இயந்திரத்தின் சென்சார் ஒரு கணம் வேலை செய்யவில்லை, இப்படி. நிரந்தரத் தொழிலாளர்கள் நிற்கும் வரிசையில் மூன்று மாதத்தில் நாற்பத்தொரு பதிவுகள். அதே கொட்டகையில், அதே வகை இயந்திரங்களோடு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிற்கும் அடுத்த வரிசையின் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. மாதாந்தரக் கூட்டத்தில் அந்த வெற்றுப் பதிவேட்டைக் காட்டி, இதுதான் பாதுகாப்பான வரிசை என்று பாராட்டினார்களாம். "அங்கே எதுவுமே நடக்கவில்லையா, இல்லை நடப்பதைச் சொல்ல ஆள் இல்லையா? இதை யார் கண்டுபிடிப்பார்கள்?" என்று உங்கள் மகள் என்னைக் கேட்டார்.

ஐயா, இந்தத் துறைக்குள் வர விரும்பும் பிள்ளைகளை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பெரும்பாலோர் பட்டத்தோடு வருவார்கள், அதாவது பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள வேண்டிய பட்டத்தின் ஆசையோடு. தலைப்பை நீங்களே ஒன்று கொடுங்கள் என்பார்கள். உங்கள் மகள் கேள்வியோடு வந்திருக்கிறார். முனைவர் பட்டம் என்பது இன்னொரு படிப்பு அல்ல. யாரும் விடை சொல்லாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு மற்றவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய விடையைக் கொண்டுவரும் வேலை. கேள்வி இருப்பவருக்குத்தான் அது பொருந்தும்.

அவர் கேள்விக்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கிறது. 1990களில் ஹார்வர்டில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம்! சோர்ந்துபோகாமல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தபோது அதற்கான விளக்கம் கிடைத்தது. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்த தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். பேசினால் தண்டனை வராது என்ற இந்த நம்பிக்கையை உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் விளக்கி 1999இல் அவர் எழுதிய கட்டுரை இன்று இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த ஒன்று. ஒரகடத்து வெற்றுப் பதிவேடும் அதே இடத்தைத்தான் தொடுகிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி பேசாமல் இருப்பதற்கு அமெரிக்க மருத்துவமனையில் இல்லாத காரணங்கள் இங்கே இருக்கக்கூடும். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் இன்னொருவர். ஊரிலிருந்து அழைத்து வந்தவர் மூன்றாமவர். இவர்களில் யாரிடம் சொல்வது, சொன்னால் யார் கோபித்துக்கொள்வார்? ஆராய இங்கே நிறைய இருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1953இல் இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே.ரைஸ், அகமதாபாத் காலிகோ மில்லின் தானியங்கித் தறிக் கொட்டகையில் செய்த ஆய்வு உலகப் பாடநூல்களில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு வேலை என்றிருந்ததை மாற்றி, சில தறிகளுக்கு ஒரு குழு பொறுப்பு என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. குழுக்களைத் தொழிலாளர்களே அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, துணிச் சேதாரம் குறைந்தது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

பகுதிநேரமாகச் செய்யலாமா? விதி அனுமதிக்கிறது. பணிபுரியும் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்றிதழ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் உங்கள் மகளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கழுத்தில் மனிதவளப் பிரிவின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவர் வினாத்தாளை நீட்டினால், எந்த ஒப்பந்தத் தொழிலாளி உண்மையை எழுதுவார்? நான் ஒருமுறை ஓர் ஆய்வு மாணவரின் வினாத்தாள் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். எழுபது எண்பது தாள்களில் எல்லாக் கேள்விக்கும் 'மூன்று' என்ற ஒரே கட்டத்தில் டிக், ஒரே பேனா, ஒரே சாய்வு. மேற்பார்வையாளர் ஒருவர் உணவு இடைவேளையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். அந்த மாணவருக்கு அது தெரியும். அலுவலக வேலைக்கு நடுவே மறுபடி போய் வாங்க நேரமில்லை. அந்தத் தாள்களை வைத்தே சதவீதம் போட்டு ஆய்வேடு கொடுத்தார், பட்டமும் வந்தது. அந்தத் தாள்களில் ஒரு தொழிலாளியின் குரல்கூட இல்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது. உங்கள் மகள் வெளியே வந்து, முழுநேர ஆய்வாளராக, நிறுவனத்தின் முறையான அனுமதியோடும் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதலோடும் வேறொரு தொழிற்சாலையின் வாசலில் நிற்க வேண்டும்.

என் சொந்த அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. நான் பகுதிநேரமாக ஏழு ஆண்டுகள் இழுத்து முடித்தவள். என் நெறியாளர் நல்ல மனிதர். ஆனால் அவர் துறை நிதி மேலாண்மை, என் ஆய்வு தலைமைப் பண்பு பற்றியது. இடம் காலியாக இருந்தது என்பதற்காக என்னை அவரிடம் ஒதுக்கினார்கள். நான் கொடுத்த ஒவ்வோர் அத்தியாயமும் சிவப்பு மையில் எழுத்துப்பிழை திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. கருத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. என் வாதத்தில் ஓட்டை இருந்தது வாய்மொழித் தேர்வு அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதனால் நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரின் பெயரை முதலில் பாருங்கள் என்று வருகிற எல்லோரிடமும் மன்றாடிச் சொல்கிறேன். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மகள் மனதில் வைத்திருக்கும் பேராசிரியரிடம் முடித்தவர்களின் இரண்டு ஆய்வேடுகளை எடுத்து முழுதாகப் படிக்கட்டும். தலைப்பில் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே போனால் அங்கிருந்து விலகிவிடலாம். இப்போது அவரிடம் படிக்கும் மாணவர்களைத் தனியே சந்தித்து, கடைசியாக எப்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார் என்று கேட்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக மாணவர் எடுக்கவும் கூடாது. இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கே சேரலாம் என்றால், ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்களில் இந்தத் துறைக்குத் தனிப் பிரிவுகளே உண்டு. முன்பு 'ஃபெல்லோ' என்ற பெயரில் கொடுத்து வந்ததை 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு முனைவர் பட்டமாகவே கொடுக்கிறார்கள். கேட், ஜிமேட், ஜிஆர்இ போன்ற தேர்வுகளில் ஒன்றின் மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வும் இருக்கும், எது செல்லும் என்பது இடத்துக்கு இடம் மாறும். கரூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருச்சி ஐ.ஐ.எம். இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை, ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ., தொழிலாளர் விஷயங்களுக்கு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாமே பரிசீலிக்க வேண்டியவை. அமெரிக்காவில் ஐந்து ஆண்டுகள், நல்ல இடங்களில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அவர்களே தருவார்கள். ஆனால் இவருடைய கேள்வி ஒரகடத்தில் இருக்கிறது, அதனால் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

பணத்துக்கு வருவோம். தேசியத் தகுதித் தேர்வான 'நெட்'டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், தகுதியிருந்தால் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். பொதுவான வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. வீட்டுக் கடனின் 15,000 போக மீதியில் விடுதியில் ஓர் ஆய்வாளர் வாழ முடியும், தாராளமாக அல்ல. எனவே மகளுக்கு நான் சொன்னது, உதவித்தொகை கையில் உறுதியாகும் வரை ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு உதவித்தொகை எதுவும் தராத இடத்தில் அவர் சேரவே கூடாது. ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள் என்று வருபவர்களிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஆய்வேடு கொடுக்கும் முன் இதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் எடுத்துவிட்டன. சில பல்கலைக்கழகங்கள் தாமாக வைத்திருக்கலாம், அங்கும் நல்ல இதழில் வந்தால்தான் மதிப்பு.

வேலை உண்டா என்றால், கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கு மட்டும் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. மானியக் குழுவின் 2023 திருத்தத்துக்குப் பிறகு நெட் அல்லது மாநில அளவிலான 'செட்' தேர்வு போதும். அதுதான் குறிக்கோள் என்றால் ஐந்து ஆண்டு செலவழிக்க வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன். பல்கலைக்கழக ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஐ.ஐ.டி.களில் இதைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் இந்த விகிதத்தை எதிர்பார்க்க முடியாது, அரசு நியமனங்களோ அரிதாகத்தான் வருகின்றன. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை. நல்ல நெறியாளரிடம் நல்ல ஆய்வு செய்து, தரமான இதழில் ஒன்றிரண்டு கட்டுரைகளோடு வருபவருக்கு மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் தேவை இருக்கிறது. நான்கு ஆண்டு தொழிற்சாலை அனுபவமும் அவர் கையில் இருப்பதால், நிறுவனங்களுக்கே திரும்பிப் போகும் வழியும் அடைபட்டுவிடாது.

கல்யாணம். முடிப்பதற்குள் முப்பத்திரண்டு ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் முடித்த பிறகுதான் கல்யாணம் என்று யாரும் சொல்லவில்லையே! குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு, அதற்கு மேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பு என்ற விதியில் பெண்களுக்குக் கூடுதலாக இன்னும் இரண்டு ஆண்டு கொடுத்திருக்கிறார்கள். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. எப்போது என்பதை அவர் முடிவு செய்யட்டும். பேச்சு வரும்போது, பெண் ஆய்வு மாணவி, நான்கைந்து ஆண்டு ஆகும் என்பதை முதல் நாளே மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்கள் வாய் திறந்து சொல்லுங்கள். அப்பா சொன்னால் அதற்குத் தனி எடை உண்டு.

அடுத்த சனிக்கிழமை காலை நீங்களும் மகளும் சேர்ந்தே வாருங்கள். வீட்டுக் கடன் கணக்கை எடுத்து வந்தால் மாத வரவுசெலவை உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிடலாம். அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பேரேடு பார்த்தவர் நீங்கள். ஒரே கொட்டகையின் இரண்டு பதிவேடுகள், ஒன்றில் நாற்பத்தொரு வரி, மற்றொன்றில் எதுவுமில்லை. உங்கள் மேசைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா என்று மகளிடம் நீங்களே சொல்லுங்கள்.