வாசகர் கேள்வி: வேலூர்க் கோட்டையைப் பார்த்தவருக்கு ஆவிலாவில் என்ன இருக்கிறது?

கேள்வி: மாட்ரிட்டில் படிக்கும் மகனைப் பார்க்க டிசம்பரில் ஸ்பெயின் போகிறோம். பக்கத்தில் ஆவிலா என்று ஒரு கோட்டை ஊர் இருக்கிறதாம், ஒரு நாள் போய் வரலாம் என்கிறான். பிறந்ததிலிருந்து வேலூர்க் கோட்டையைப் பார்க்கிற எனக்கு அங்கே என்ன புதிதாக இருக்கப் போகிறது?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: கட்டாயம் போங்கம்மா. நம் கோட்டையை அறிந்தவருக்குத்தான் அந்த மதில் நன்றாகப் புரியும்.

நம் கோட்டைக்குள் கோயில், சர்ச், மசூதி எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஊர் வெளியே இருக்கிறது. ஆவிலாவில் பழைய ஊரே மதிலுக்குள். சுற்றளவு சுமார் 2.5 கிலோமீட்டர், சராசரி உயரம் 12 மீட்டர், கனம் 3 மீட்டர், 9 வாசல்கள், எண்பதுக்கும் மேல் கொத்தளங்கள். உள்ளே இன்றும் வீடு, கடை, பள்ளி என்று ஜனங்கள் குடியிருக்கிறார்கள். நம் அகழி மாதிரி தண்ணீர் கிடையாது, மேற்கே அடாகா ஆறும் சரிவும்தான் காவல்.

சமதரையாக இருப்பது கிழக்குப் பக்கம், எதிரி சுலபமாக வரக்கூடிய பக்கம். நீங்கள் நின்று பார்க்க வேண்டியது அங்கேதான். பேராலயத்தின் பின்புறம் அரைவட்டமாக மதிலைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பீடம் இருக்கும் பகுதியின் வெளிச்சுவரே கோட்டைக் கொத்தளம், மேலே வீரர்கள் நின்று காவல் காத்த இடம். உள்ளே போனால் அதே இடத்தில் சிவப்பும் வெள்ளையும் கலந்த கல்லில் தூண்கள், மெல்லிய வெளிச்சம், பூசை. வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் போனதில் பாதிதான் கிடைக்கும்.

இதைப் படிக்கும்போது ஜலகண்டேஸ்வரர் ஞாபகம் வருகிறதல்லவா? நம் கோயிலை ஆயுதக் கிடங்காக்கினார்கள், சாமி பல காலம் வெளியே இருந்து, உங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான் 1981ல் கோட்டைக்குத் திரும்பினார். அங்கே கட்டும்போதே ஆலயத்துக்குக் காவல் வேலையும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு ஊரிலும் கோயில் சண்டையோடு சம்பந்தப்பட்டதுதான், வந்த வழிதான் வேறு.

மதில் 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது என்பது ஊர் வழக்கு. சுவரில் பழைய ரோமானியக் கல்லறைக் கற்களையும் எடுத்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள், கிழக்குப் பக்கம் கவனித்துப் பாருங்கள். 1515ல் கத்தோலிக்கத் துறவி புனித தெரேசா பிறந்தது இந்த ஊருக்கே பெருமை. முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்த்து அவர் பெயரில் ஒரு இனிப்பு விற்பார்கள், சின்ன உருண்டையாக இருக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் வாங்கிப் பாருங்கள்.

அப்புறம் குளிர். ஊர் 1,130 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் ஏலகிரி உயரம்தான், ஆனால் டிசம்பரில் பனியே விழும். ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஆறு மணிக்குள் இருட்டிவிடும், அதற்கு முன்னால் ஆற்றைத் தாண்டி ‘நான்கு தூண்கள்’ என்ற இடத்துக்குப் போய்விடுங்கள். மொத்த மதிலும் ஒரே பார்வையில் தெரிவது அங்கிருந்துதான், விளக்கு போட்டபிறகு இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.