எஸ்விஎன்னை விட்டு கிட்டுக்கு: டீமோடு மாறுபவர்களின் கேள்விகள்

எஸ்விஎன் (சப்வெர்ஷன்), கிட் இரண்டும் மென்பொருள் கோடில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் கருவிகள். அந்தக் கோடும் அதன் ஹிஸ்டரியும் இருக்கும் கிடங்குதான் ரெப்போ. பழைய ரெப்போக்களை கிட்டுக்குக் கொண்டுபோகும் வேலையில் இருப்பவன் என்பதால், இது பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைக் கற்பது இதில் சின்னப் பகுதி. மாறும் நாளுக்கு முந்தைய தயாரிப்புதான் பெரியது. பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

டீம் லீட் ஒருவர்: எஸ்விஎன் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. எதற்கு மாற வேண்டும் என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது?

எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது காரணமே ஆகாது. உங்கள் டீம் பிராஞ்ச் (முதன்மைக் கோடிலிருந்து பிரிந்து தனியாக வேலை செய்யும் கிளை) போடப் பயப்படுகிறதா என்று பாருங்கள். எஸ்விஎன்னில் பிராஞ்ச் போடுவது சுலபம், திரும்பச் சேர்ப்பதுதான், அதாவது மெர்ஜ்தான், வேதனை. 2008இல் 1.5 பதிப்பு வரும்வரை, எது ஏற்கெனவே மெர்ஜ் ஆனது என்பதை அது குறித்துவைக்கவே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எஸ்விஎன் தரும் வரிசை எண்ணான ரிவிஷன் எண்களை நாமே எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பயம் பல டீம்களில் இன்னும் பழக்கமாக நிற்கிறது. எல்லாரும் ட்ரங்க் என்னும் முதன்மைக் கோடிலேயே வேலை செய்வார்கள். பாதி முடிந்த கோடு கமிட் ஆகாமல் (ரெப்போவில் பதிவாகாமல்) ஒருவருடைய கணினியில் வாரக்கணக்கில் கிடக்கும். அந்த ஹார்டு டிஸ்க் போனால் வேலையும் போச்சு.

கிட்டில் பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டின் அடையாளத்தை வைத்திருக்கும் குட்டி ஃபைல், அவ்வளவுதான். போடவும் நொடி, அழிக்கவும் நொடி. இரண்டு பிராஞ்சுகள் எங்கே பிரிந்தன என்பதை ஹிஸ்டரியிலிருந்தே கண்டுபிடித்து மெர்ஜ் செய்கிறது. லாக் (கமிட்டுகளின் பட்டியல்), பிளேம் (ஒவ்வொரு வரியையும் எந்த கமிட்டில் யார் மாற்றினார் என்பது), டிஃப் (இரண்டு நிலைகளின் வித்தியாசம்) எல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கும். சர்வர் படுத்துவிட்டாலும் கமிட் போடலாம்.

மேனேஜரிடம் போகும்போது, கடைசிச் சில ரிலீஸ்களில் மெர்ஜுக்காகவும், கலந்துபோன கோடைப் பிரிப்பதற்காகவும் எவ்வளவு நேரம் செலவானது என்று எழுதி எடுத்துப் போங்கள். எழுத ஒன்றுமே இல்லையென்றால், உங்களுக்கு இப்போது மாறும் அவசரம் இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இன்னும் விஷுவல் சோர்ஸ்சேஃபில் இருக்கிறோம் சார்.

உங்களுக்கு அவசரம் உண்டு. மைக்ரோசாஃப்டின் அந்தப் பழைய கருவியில் ஒவ்வொருவருடைய கணினியும் பொது ஃபோல்டரில் உள்ள ஃபைல்களில் நேரடியாக எழுதுகிறது. நடுவில் நெட்வொர்க் அறுந்தால் தரவு சிதைய வாய்ப்பு இருக்கிறது. கடைசிப் பதிப்பு 2005. நீட்டித்த ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் 2017இல் நிறுத்திவிட்டது. முழு நகல் ஒன்றை எடுத்துத் தனியாக வையுங்கள். மாற்றும் முயற்சி எல்லாம் அந்த நகலின் மேல்தான் நடக்க வேண்டும்.

கிட்தான் ஒரே வழியா? மெர்க்கூரியல், பெர்ஃபோர்ஸ் பற்றியும் சொல்லுங்கள்.

கிட்டும் மெர்க்கூரியலும் ஒரே மாதத்தில், 2005 ஏப்ரலில், ஒரே காரணத்தால் பிறந்தவை. லினக்ஸ் கெர்னல் குழுவுக்கு பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவி இலவசமாகக் கிடைத்துவந்தது நின்றதுதான் அந்தக் காரணம். மெர்க்கூரியலின் கட்டளைகள் எஸ்விஎன் பழகியவர்களுக்கு இதமானவை. எனக்கு அதன்மேல் இன்றும் மரியாதை உண்டு. ஆனால் சுற்றியிருக்கும் கருவிகள் கிட் பக்கம் போய்விட்டன. பைத்தான் மொழியின் கோடு 2011இல் மெர்க்கூரியலுக்குப் போய், 2017இல் கிட்டுக்கு வந்தது. ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் பிட்பக்கெட் தளம் 2020இல் மெர்க்கூரியல் ஆதரவையே கைவிட்டது. இரண்டு முறை இடம் மாறும் அலைச்சல் உங்கள் டீமுக்கு வேண்டாம்.

கேம் செய்பவர்கள், பெரிய படங்களும் முப்பரிமாண மாடல்களும் வைத்திருப்பவர்கள் மட்டும் பெர்ஃபோர்ஸை யோசிக்கலாம். அப்படிப்பட்ட ஃபைல்களை மெர்ஜ் செய்ய முடியாது. ஒருவர் திருத்தும்போது மற்றவருக்குப் பூட்டு வேண்டும். அதை அது நன்றாகச் செய்கிறது.

பழைய ஹிஸ்டரி முழுவதையும் கொண்டுவர வேண்டுமா, கடைசி நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக ஆரம்பிக்கலாமா? எங்களுடையது எஸ்விஎன், நிறைய ஆண்டுகள் ஓடியது.

கொண்டுவாருங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். எதற்கென்றே புரியாத ஒரு இஃப் கண்டிஷன் கோடில் இருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அந்த வரியை பிளேம் செய்து கமிட் செய்தியைப் படித்தால்தான், எந்த வாடிக்கையாளருக்கு எந்தப் பிழை வந்தபோது அது எழுதப்பட்டது என்று தெரியும். ஹிஸ்டரியை விட்டுவிட்டு வந்தால், அடுத்து வருபவர் அந்த வரி தேவையில்லை என்று எடுத்துவிடுவார், பழைய பிழை திரும்ப வரும். பழைய சர்வர் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். சில மாதங்களில் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. பிறகு ஒருநாள் அந்த சர்வரும் இருக்காது.

வேலை எப்படி நடக்கும் என்றால், முதலில் பெயர்ப் பட்டியல். எஸ்விஎன்னில் கமிட் போட்டவரின் யூசர்நேம் மட்டும் இருக்கும், கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். லாகிலிருந்து எல்லா யூசர்நேம்களையும் எடுத்து, எதிரே பெயர்களை எழுதி ஒரு ஃபைல் செய்யுங்கள். போனவர்களின் பெயர்களையும் தேடிப் போடுங்கள், அவர்கள் செய்த வேலை அது.

அடுத்தது ஃபோல்டர் அமைப்பு. ட்ரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் (ரிலீஸ் போன்ற ஒரு நிலைக்குப் பெயரிட்டு வைப்பவை) என்று முதல் நாளிலிருந்து ஒழுங்காக இருந்தால், எஸ்விஎன் ரெப்போவை கிட்டுக்கு மாற்றும் கிட் எஸ்விஎன் கருவியே போதும். பெரும்பாலும் அப்படி இருக்காது. நடுவில் யாராவது ட்ரங்க்கை வேறு இடத்துக்கு நகர்த்தியிருப்பார்கள், டேக்குக்குள்ளேயே கமிட் போட்டிருப்பார்கள். எஸ்விஎன்னுக்கு டேக்கும் ஒரு ஃபோல்டர் நகல்தான், அதனால் தடுக்காது. கிட் எஸ்விஎன் டேக்குகளையும் பிராஞ்சாகத்தான் இறக்கும். அவற்றைப் பிறகு உண்மையான டேக்காக மாற்ற வேண்டும். சிக்கல் அதிகமென்றால் ரெப்போசர்ஜன் என்ற கருவி இருக்கிறது. ஜிசிசி கம்பைலரின் பல பத்தாண்டு ஹிஸ்டரி 2020 ஜனவரியில் கிட்டுக்கு வந்தது அதன் வழியாகத்தான். கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும், ஆனால் தகும்.

ரிவிஷன் எண்களை மறக்காதீர்கள். பிழைப் பதிவுகளில், மின்னஞ்சல்களில், கோடின் கமென்ட்டுகளில்கூட "ரிவிஷன் 4812இல் சரிசெய்தது" என்று எழுதியிருப்பீர்கள். கிட் எஸ்விஎன் ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் பழைய எண்ணை ஒரு வரியாகச் சேர்க்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலர் அதை நீக்கிவிடுகிறார்கள். நீக்காதீர்கள், 4812 என்று தேடினால் கமிட் கிடைக்கட்டும்.

கடைசியாகச் சரிபார்த்தல். ட்ரங்க்கையும், வெளியே போன ஒவ்வொரு ரிலீஸ் டேக்கையும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து ஒப்பிடுங்கள். காலி ஃபோல்டர்களை கிட் வைத்துக்கொள்ளாது, எஸ்விஎன் தானாக நிரப்பும் ஐடி, ரிவிஷன் போன்ற கீவேர்டுகள் மாறும். வேறு எந்த வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியாமல் நகராதீர்கள்.

எங்கள் ரெப்போவில் டிஎல்எல், ஜிப், பழைய இன்ஸ்டாலர் எல்லாம் இருக்கிறது அண்ணா. குளோன் செய்தால் முடிவதே இல்லை.

எஸ்விஎன்னில் வேண்டிய ஃபோல்டரை மட்டும் எடுத்தீர்கள், அதனால் பாரம் தெரியவில்லை. கிட்டில் குளோன் செய்தால், அதாவது ரெப்போவை உங்கள் கணினிக்கு நகலெடுத்தால், முழு ஹிஸ்டரியும் வரும். என்றோ அழித்த இன்ஸ்டாலரும் கூடவே வரும். கிட் ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்கவே ஏற்காது.

சுத்தம் செய்வதை மாறும் நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கிட் ஃபில்டர் ரெப்போ கருவியால் அந்த ஃபைல்களை ஹிஸ்டரியிலிருந்தே எடுக்கலாம். அப்படிச் செய்தால் அதற்குப் பின்வரும் கமிட்டுகளின் அடையாளமெல்லாம் மாறும். டீம் குளோன் செய்து வேலையைத் தொடங்கிய பிறகு இதைச் செய்தால் எல்லாருடைய பிராஞ்சும் குழம்பிப்போகும். உண்மையிலேயே தேவைப்படும் பெரிய ஃபைல்களை எல்எஃப்எஸ்ஸுக்கு (அவற்றை ஹிஸ்டரிக்கு வெளியே தனியாக வைக்கும் கிட் வசதி) மாற்றுங்கள். வெளி லைப்ரரிகளை ரெப்போவில் வைக்காமல், வேண்டும்போது அவற்றை இறக்கித் தரும் பேக்கேஜ் மேனேஜரிடம் விடுங்கள்.

ரெப்போவை உடைப்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். சேர்ந்து ரிலீஸ் ஆகும் கோடு சேர்ந்தே இருக்கட்டும். அளவுக்குப் பயந்து உடைக்க வேண்டாம். விண்டோஸின் கோடை 2017இல் கிட்டுக்குக் கொண்டுவந்தபோது அது சுமார் 300 ஜிபி, 35 லட்சம் ஃபைல்கள். அதற்காக மைக்ரோசாஃப்ட் தனி விர்ச்சுவல் ஃபைல் சிஸ்டமே எழுத வேண்டியிருந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு, வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் கணினியில் விரிக்கும் ஸ்பார்ஸ் செக்அவுட் போதும்.

கொஞ்ச நாள் எஸ்விஎன், கிட் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பாதுகாப்புதானே?

இல்லை. எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள். இரண்டிலும் கமிட் போக விட்டால், எது சரியான கோடு என்ற கேள்விக்குப் பதிலே இல்லாமல் போகும். அவசரத்தில் பிழை திருத்துபவர் பழகிய இடத்தில்தான் போடுவார். அந்தத் திருத்தம் மற்றதற்கு வராமல் நிற்கும், அடுத்த ரிலீஸில் வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடிப்பார். நடுவில் ஒத்திசைக்கும் ஸ்கிரிப்ட் போட்டால், அந்த ஸ்கிரிப்டைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆள் வேண்டும்.

நீங்கள் தேடும் பாதுகாப்பு ஒத்திகையில் இருக்கிறது. முழு மாற்றத்தையும் ஸ்கிரிப்டாக எழுதி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். அதன் விளைவை டீமுக்கு விளையாடக் கொடுங்கள், அழித்துவிடுவோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு. கோடிலிருந்து மென்பொருளைக் கட்டும் பில்ட் சர்வரை அந்த நகலோடு இணைத்து ஒரு ரிலீஸ் கட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இடிப்பது இங்கேதான். ரிவிஷன் எண்ணை வைத்துப் பதிப்பு எண் போடும் ஏதாவது ஒரு பழைய ஸ்கிரிப்ட் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

பிறகு ரிலீஸ் முடிந்த அமைதியான வாரம் ஒன்றைப் பார்த்து நாள் குறியுங்கள். வெள்ளி மாலை எல்லாரும் கையிலிருப்பதை கமிட் செய்ய வேண்டும். அடுத்து எஸ்விஎன்னில் கமிட்டைத் தடுக்கும் ஹுக்கைப் (சர்வரில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) போடுங்கள். அதன் பிழைச் செய்தியிலேயே புதிய ரெப்போவின் முகவரி இருக்கட்டும். இரவு கடைசி முறையாக ஸ்கிரிப்ட், சனிக்கிழமை ஒப்பீடும் பில்டும், திங்கள் காலை எல்லாருக்கும் கிட். பழையது படிக்க மட்டும் திறந்திருக்கட்டும். ஞாயிறு மாலைக்குள் ஒப்பீடு ஒத்துவராவிட்டால் ஹுக்கை எடுத்துவிட்டு வேறு வாரம் பாருங்கள். அப்படித் தள்ளிப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் டீமின் மூத்தவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். அவரை எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க வேண்டாம், உதவி கேளுங்கள். மெர்ஜ் சிக்கினால் எல்லாரும் அவரிடம்தான் ஓடியிருப்பார்கள். திங்கள் முதல் புதிதாகச் சேர்ந்த பையனிடம் அவர் கேட்க வேண்டும். அது யாருக்கும் கஷ்டம்தான். எந்த ஆண்டில் ட்ரங்க் இடம் மாறியது, எந்த டேக் உண்மையான ரிலீஸ் இல்லை என்பதெல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மாற்றிய ஹிஸ்டரி சரியா என்று பார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். அந்த வேலையை உங்களில் வேறு யாரும் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது.

அவர் சொல்லும் ஆட்சேபங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். "கமிட் போட்டேன் என்பார்கள், சர்வரில் இருக்காது" என்று சொல்கிறார் என்றால் அது நூற்றுக்கு நூறு உண்மை. கிட்டில் கமிட் வேறு, புஷ் வேறு. கமிட் உங்கள் கணினியில் பதிவது, புஷ் அதை சர்வருக்கு அனுப்புவது. தினமும் கிளம்பும் முன் பிராஞ்சை புஷ் செய்ய வேண்டும் என்ற விதி அவரிடமிருந்தே வரட்டும்.

பயிற்சியில் எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

கட்டளைப் பட்டியலை நீட்டாதீர்கள். பலகையில் நான்கு இடங்களை வரையுங்கள்: கையில் இருக்கும் ஃபைல்கள், ஸ்டேஜிங் (அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைத்தவை), சொந்த ரெப்போ, சர்வர் ரெப்போ. ஒவ்வொரு கட்டளையும் எதை எங்கிருந்து எங்கே நகர்த்துகிறது என்று அந்தப் படத்திலேயே காட்டுங்கள். செக்அவுட் என்ற சொல் எஸ்விஎன்காரர்களைக் குழப்பும். அங்கே அது சர்வரிலிருந்து கோடை இறக்குவது, கிட்டில் பிராஞ்ச் மாறுவதும் ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும். 2019இல் வந்த கிட்டின் 2.23 பதிப்பு முதல் ஸ்விட்ச், ரிஸ்டோர் என்று தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன, அவற்றையே பழக்குங்கள்.

பிறகு பயத்தைப் போக்குங்கள். எல்லாரையும் வேண்டுமென்றே ஒரு பிராஞ்சை அழிக்கச் சொல்லி, ரெஃப்லாகிலிருந்து (நீங்கள் எந்தெந்த கமிட்டில் நின்றீர்கள் என்று கிட் உங்கள் கணினியில் வைத்திருக்கும் குறிப்பு) மீட்கச் சொல்லுங்கள். எங்கேயும் ஒட்டாத கமிட்டின் தடம்கூட வழக்கமான அமைப்பில் 30 நாள் ரெஃப்லாகில் இருக்கும். கமிட் செய்தது அவ்வளவு எளிதில் தொலையாது என்று கையால் செய்து பார்த்தவர் பிறகு தைரியமாக வேலை செய்வார். மெயின் பிராஞ்சுக்கு ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருக்கும் ஹிஸ்டரியை மாற்றி எழுதும் புஷ்) போகாதபடி சர்வரில் பூட்டிவிடுங்கள்.

மெர்ஜா, ரீபேஸா?

ரீபேஸ் என்பது உங்கள் கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் புதிதாக எழுதி அடுக்குவது. யாருக்கும் கொடுக்காத உங்கள் பிராஞ்சில் ரீபேஸ் செய்யலாம். பிறர் எடுத்துவிட்டால் மெர்ஜ் மட்டும்.

கிட் ஃப்ளோ முறையில் ஐந்து வகை பிராஞ்ச் வைக்கச் சொல்கிறார்களே?

2010இல் அதை எழுதியவரே, தொடர்ந்து வெளியிடும் வெப் மென்பொருளுக்கு எளிமையான முறை போதும் என்று 2020இல் குறிப்பு சேர்த்திருக்கிறார். பல பழைய பதிப்புகளை ஒரே நேரத்தில் பராமரிப்பவர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்கள் ஒரு மெயின், ஓரிரு நாளில் முடியும் சின்னப் பிராஞ்சுகள் என்று ஆரம்பியுங்கள்.

பாதிப் பேர் விண்டோஸ், பாதிப் பேர் லினக்ஸ். ஒரு வரி மாற்றினால் ஃபைல் முழுக்க மாறியதாகக் காட்டுகிறது.

வரி முடிவு பிரச்சினை. விண்டோஸும் லினக்ஸும் வரியின் முடிவை வெவ்வேறு குறிகளால் குறிக்கின்றன. ஒவ்வொருவருடைய செட்டிங்கையும் நம்பாமல், வரி முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கிட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலை ரெப்போவிலேயே வையுங்கள். எல்லா ஃபைலையும் ஒருமுறை சீராக்கி ஒரே கமிட்டாகப் போடுங்கள். அந்த கமிட்டை பிளேம் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும்படி அமைக்க முடியும், அதையும் செய்துவிடுங்கள்.

பழைய கமிட் ஒன்றில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிறது.

இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஹிஸ்டரியிலிருந்து நீக்குவது அதற்குப் பிறகு. முன்பு ஒரே சர்வரில் இருந்த ரகசியம், இனி குளோன் செய்யும் ஒவ்வொருவரிடமும் நகலாகப் போகும்.

டெஸ்டிங்கில் இருக்கிறேன். "பில்ட் 5120இல் வரும் பிழை, 5090இல் இல்லை" என்றுதான் இதுவரை எழுதினோம். கிட்டில் எண்ணே இல்லையே, எது முன், எது பின் என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கவலை. இதை யாரும் உங்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்க மாட்டார்கள். ரிலீஸ்களுக்கு அனோடேட்டட் டேக் (போட்டவர் பெயர், தேதி, செய்தியோடு கூடிய டேக்) போடச் சொல்லுங்கள். பிறகு கிட் டிஸ்க்ரைப் கட்டளை, கடைசி டேக் எது, அதற்குப் பின் எத்தனை கமிட், எந்த கமிட் என்று மூன்றையும் சேர்த்து ஒரே பெயராகத் தரும். பில்ட் சர்வர் அதையே பில்டின் பெயராகப் போட்டு, மென்பொருளின் 'பற்றி' திரையிலும் காட்டட்டும்.

உங்களுக்குப் பெரிய லாபம் பைசெக்ட்தான். பிழை இல்லாத கமிட்டையும் இருக்கும் கமிட்டையும் சொன்னால், நடுவில் ஒன்றை எடுத்துத் தரும். சரி, தவறு என்று நீங்கள் சொல்லச் சொல்ல, மிச்சத்தைப் பாதி பாதியாகக் குறைக்கும். ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்து சோதனையில் குற்றவாளி கமிட் கிடைத்துவிடும். ஒவ்வொரு கமிட்டும் பில்ட் ஆகும் நிலையில் இருந்தால்தான் இது வேலை செய்யும். டெவலப்பர்கள் அரைகுறையாக கமிட் செய்து மெயினில் சேர்த்தால், ரிவ்யூவில் நீங்களும் தடுத்து நிறுத்தலாம்.