இன்னும் ஒரே ஒரு கண்டு
வாசகர் கேள்விகள்: பின்னலும் நூற்பும்

கேள்வி: அக்கா, என்னிடம் நான்கு பெட்டி நிறைய நூல் இருக்கிறது. இனி வாங்கவே கூடாது என்று முடிவெடுப்பேன், அடுத்த வாரமே இன்னும் ஒரே ஒரு கண்டு என்று கை நீளும். ஆனால் ஏதாவது பின்னலாம் என்று உட்கார்ந்தால் எந்த நூலும் போதவில்லை. இது என்ன வியாதி?

பதில்: நூல் சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கு, பின்னுவது வேறொரு பொழுதுபோக்கு என்று நான் ரொம்ப நாளாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் வியாதியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நூல் ஏன் போதவில்லை என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நாம் ஆசைப்பட்டு வாங்குவது ஒவ்வொரு கண்டாக, ஸ்வெட்டர் கேட்பதோ ஒரே நூலை மொத்தமாக. நடுத்தரத் தடிமன் நூலில் பெரியவர்களுக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்றால் 1000 மீட்டருக்கு மேல் போய்விடும். மெல்லிய நூலில் ஒரு ஜோடி காலுறைக்கு 400 மீட்டர் கையில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பலவித நூலில் ஒற்றைக் கண்டு நாற்பது வைத்திருக்கிறவருக்கு நாற்பது தொப்பி கிடைக்கும், ஸ்வெட்டர் கிடைக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெட்டியையும் தரையில் கொட்டுங்கள். பாதி தீர்ந்த கண்டுகளைச் சமையலறைத் தராசில் வையுங்கள். லேபிளில் 100 கிராமுக்கு 210 மீட்டர் என்று இருந்து, மிச்சம் 38 கிராம் என்றால் உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 80 மீட்டர். அதை ஒரு சீட்டில் எழுதிக் கண்டுக்குள்ளேயே செருகிவிடுங்கள். லேபிளையும் தூக்கிப் போடாதீர்கள், அதில் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூல்களுக்குப் போடும் எண்) இருக்கும். ஒரே நிறப் பெயர், ஆனால் வேறு எண் என்றால், பகலில் ஒன்றுபோலத் தெரிந்தது விளக்கு வெளிச்சத்தில் மார்புக்கு நடுவே கோடு போட்ட மாதிரி நிற்கும். வேறு வழியே இல்லை என்றால் இரண்டு கண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு வரிசைக்கு ஒரு முறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கண் ஏமாந்துவிடும்.

இன்னொன்று. சிட்டமாக (பெரிய வளையமாகச் சுற்றியபடி) வாங்கிய கம்பளி நூலை வந்த அன்றே இறுக்கமாக உருட்டி வைக்காதீர்கள். வருடக்கணக்கில் இழுபட்டுக் கிடந்தால் அதன் துள்ளல் போய்விடும். பின்னப் போகிற அன்று உருட்டினால் போதும்.

கேள்வி: தக்களியில் (கையால் சுழற்றி நூற்கும் குச்சியில்) நானே நூற்ற கம்பளியில் முதல் முறையாகக் கழுத்துத்துணி பின்னினேன். ஒரு பக்கம் நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி), மறுபக்கம் பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி), அவ்வளவுதான். செவ்வகமாக வர வேண்டியது சாய்சதுரமாக வந்திருக்கிறது. கண்ணிகளை எண்ணிப் பார்த்தேன், எங்கும் குறையவில்லை, கூடவும் இல்லை. எங்கே தப்பு?

பதில்: பின்னலில் தப்பே இல்லை, நூலில் இருக்கிற முறுக்கு இன்னும் அடங்கவில்லை. இரண்டாவது புரி (முறுக்கிய ஒற்றை இழை) சேர்க்காமல் ஒற்றைப் புரியாகவே பின்னியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒற்றைப் புரியில் முறுக்கெல்லாம் ஒரே திசையில் இருக்கும், பிரிந்துவிடத்தான் அது எப்போதும் பார்க்கும். ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் கொஞ்சம் திரும்ப, முன்பக்கம் முழுக்க நிட் என்பதால் எல்லாம் ஒரே பக்கம் திரும்ப, மொத்தத் துணியும் சாய்ந்துகொள்ளும். நனைத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் நேராகிவிட்ட மாதிரி இருக்கும், அடுத்த துவையலில் பழைய கதை.

அதற்குத்தான் இரண்டு புரியைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குகிறோம். வலப்பக்கம் சுழற்றி நூற்றிருந்தால் சேர்க்கும்போது இடப்பக்கம் சுழற்ற வேண்டும். ஒன்றின் திமிரை மற்றது அடக்க, நூல் சும்மா கிடக்கும். எவ்வளவு முறுக்கு போதும் என்பதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. இப்போதுதான் நூற்ற புரியில் 30 செ.மீ. இழுத்து, நடுவில் மடித்துத் தொங்கவிடுங்கள், அதுவே தன்னோடு சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றிக்கொண்டு நிற்கும் நிலைதான் உங்கள் இரட்டைப் புரி எப்படி வரும் என்பதற்கு மாதிரி. ஒரு துண்டைக் கிள்ளி அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே முறுக்குங்கள். ‘இப்போதுதான் நூற்ற’ என்று சொன்னது காரணமாகத்தான், நான்கு நாள் தக்களியிலேயே கிடந்த புரியில் முறுக்கு தூங்கிவிடும், மடித்தால் சாதுவாகத் தெரியும், தண்ணீரில் போட்டதும் எழுந்துகொள்ளும்.

சேர்த்து முறுக்கியதைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, துண்டில் வைத்து அழுத்திப் பிழிந்து, இரண்டு கையிலும் மாட்டி நாலு முறை விசுக்கென்று இழுத்துத் தொங்கவிடுங்கள், காய்ந்த பிறகு வளையம் சுருளாமல் அப்படியே தொங்கினால் நூல் தயார். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும், அதில் கையை விட்டு அலசவும் கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு உண்டு, சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சுருங்கிக் கெட்டியாகிவிடும். நான் அப்படித்தான் வெந்நீரில் போட்டுக் கசக்கி, ஒரு தொப்பியைத் தேங்காய் மூடி அளவுக்குக் கொண்டுவந்தேன். யார் தலையிலும் ஏறவில்லை.

சரி, கையில் இருக்கிற கழுத்துத்துணியை என்ன செய்வது? பிரித்துவிடுங்கள். நூலில் பாதியை இன்னொரு பாதியோடு சேர்த்து முறுக்கினால் நீளம் பாதியாகும், ஆனால் ஒழுங்கான நூல் கிடைக்கும். முறுக்க மனசில்லை என்றால் அதே நூலில் எல்லா வரிசையும் நிட் போட்டுப் பின்னுங்கள். இரண்டு பக்கத்திலும் மேடும் பள்ளமுமாக மாறி மாறி வருவதால் ஒரு வரிசையின் சாய்வை அடுத்த வரிசை தின்றுவிடும்.

கேள்வி: கம்பளி நன்றாக நூற்க வருகிறது. பஞ்சு மட்டும் பட்பட்டென்று அறுந்து தக்களி காலில் விழுகிறது.

பதில்: கம்பளி இழை 8, 10 செ.மீ. நீளம் சாதாரணமாக இருக்கும். பருத்தி இழை பெரும்பாலும் 3 செ.மீ.தான். குட்டை இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள நிறைய முறுக்கு வேண்டும், அந்த முறுக்கு ஏறுவதற்குள் தக்களியின் கனம் இழுத்தால் அறுந்துதான் போகும். ஆகவே தொங்கவிடாதீர்கள், தக்களியின் முனையை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊன்றிச் சுழலவிடுங்கள். கம்பளிக்குச் செய்ததைப்போல் ‘போதும்’ என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்தாமல், இன்னும் நாலு சுற்று கூடவே கொடுங்கள்.

கேள்வி: மூங்கில் ஊசியா, உலோக ஊசியா?

பதில்: வழுக்குகிற நூலுக்கு மூங்கில், ஒட்டிப் பிடிக்கிற நூலுக்கு உலோகம். அதற்கு மேல் உங்கள் கை சொல்வதுதான்.

கேள்வி: மாதிரித் துண்டு (அளந்து பார்க்க முதலில் பின்னும் சின்னச் சதுரம்) கட்டாயம் பின்ன வேண்டுமா? அந்த நேரத்தில் ஸ்வெட்டரின் அடிப்பட்டையே முடிந்துவிடுமே! (ஆனால் போன ஸ்வெட்டர் சுற்றளவு 100 செ.மீ. வர வேண்டியது 91 செ.மீ. தான் வந்தது.)

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் பார்த்துப் பின்னிய குறிப்பு 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று கணக்குப் போட்டு 200 கண்ணி ஏற்றச் சொல்லியிருக்கும். உங்கள் கையில் 22 விழுந்திருக்கிறது. 10 செ.மீ.க்கு இரண்டே கண்ணி, உடம்பைச் சுற்றி வரும்போது 9 செ.மீ. அடுத்த முறை அரை மி.மீ. பெரிய ஊசியில், 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். துவைக்காமல் அளப்பது வீண், கைநூற்பு நூல் என்றால் அது தண்ணீரில் இறங்கிய பிறகுதான் தன் உண்மையான பருமனைக் காட்டும். வட்டமாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரியும் வட்டமாகவே பின்னுங்கள், வட்டத்தில் நிட் மட்டும் போட்டாலே போதும், தட்டையாகப் பின்னும்போது பலருக்கு பர்ல் வரிசை கொஞ்சம் தளர்ந்து விழும்.

கேள்வி: லேபிள் இல்லாத நூல் ஒரு பை நிறையக் கிடைத்தது. கம்பளியா இல்லையா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நுனியில் நெருப்பு காட்டுங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்து, கருகியது விரலில் பொடியாக நொறுங்கினால் கம்பளி. காகிதம்போல் எரிந்து சாம்பல் மிஞ்சினால் பருத்தி. உருகிச் சொட்டி, ஆறிய பிறகு கல் மாதிரி மணி நின்றால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். கலப்பு நூல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து குழப்பும்.

கேள்வி: சேர்த்து வைத்த கம்பளியில் பூச்சி! கண்டை இழுத்தால் துண்டு துண்டாக வருகிறது. அந்துருண்டை போடலாமா?

பதில்: பறக்கிற பூச்சி நூலைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. கம்பளி, பட்டு மாதிரி விலங்கு இழைதான் அதற்குச் சாப்பாடு, அழுக்கோ எண்ணெயோ படாத பருத்தியையும் அக்ரிலிக்கையும் பெரும்பாலும் விட்டுவிடும். பாதித்த நூலைக் காற்றுப் புகாத பையில் கட்டி, −18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் நூலில் ஈரம் கோத்துக்கொள்ளும். பெட்டியின் மூலை, அலமாரி இடுக்கு எல்லாவற்றையும் உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்யுங்கள், முட்டை அங்கேயும் இருக்கும். அந்துருண்டை வேண்டாம், அந்த ஆவி நமக்கும் ஆகாது, வாடையும் லேசில் போகாது. லாவெண்டர் பை வாசனைக்கு நல்லது, உள்ளே இருக்கிற புழுவைக் கொல்லாது.

கேள்வி: மூன்று வருடமாக ஒரு காலுறை மட்டும் முடிந்து கிடக்கிறது. இரண்டாவதைத் தொடங்கவே மனம் வரவில்லை.

பதில்: முதல் காலுறையை எந்த ஊசியில் பின்னினீர்கள் என்று நினைவிருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே பன்னிரண்டு வரிசை போட்டு, முதல் காலுறையின் பட்டையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். மூன்று வருடத்தில் கையின் இறுக்கம் மாறியிருக்கும், அகலம் ஒத்துவரவில்லை என்றால் முதலாவதைப் பிரித்துவிட்டு இரண்டையும் புதிதாக, நீளமான ஒரே வளைய ஊசியில் (இரண்டு முனைகளை வளையும் கம்பி இணைக்கும் ஊசி) ஒரே நேரத்தில் பின்னுங்கள். அப்படிப் பின்னினால் இரண்டாவது காலுறை என்று ஒன்று தனியாக இருக்காது.