வாசகர் கேள்வி–பதில்: ஒரு கோடு போட எத்தனை நிபந்தனை?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு, கம்ப்யூட்டரில் படம் வரையும் செயல்களை வகுக்கும் ஜி.கே.எஸ். வரைகலைத் தரநிலையை இசட் அல்லது வி.டி.எம். என்ற கணிதக் குறியீட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தரநிலையே தடிப்புத்தகம். அதையே திரும்பக் கணிதத்தில் எழுதி என்ன ஆகப்போகிறது? எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? — மாணவி, காரைக்குடி

பதில்: முழுத் தரநிலையையும் எழுதும் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு செமஸ்டருக்கு நான்கு செயல்கள் தாராளம்: ஒர்க்ஸ்டேஷனைத் திறப்பது, (வரைவது அதில் விழும்படி) ஆக்டிவ் ஆக்குவது, ஆக்டிவ் நீக்குவது, பாலிலைன் (புள்ளிகளை வரிசையாக இணைக்கும் கோடு) வரைவது. (திரையோ பிளாட்டரோ, எந்தச் சாதனமும் ஜி.கே.எஸ்.ஸுக்கு ஒர்க்ஸ்டேஷன்தான்.)

1985-இல் ஐ.எஸ்.ஓ. 7942 ஆக வந்த இந்தத் தரநிலையில் சிஸ்டம் ஐந்து நிலைகளில் ஒன்றில் இருக்கும்: மூடியது, திறந்தது, ஒர்க்ஸ்டேஷன் திறந்தது, ஒர்க்ஸ்டேஷன் ஆக்டிவ், செக்மென்ட் (வரைந்தவற்றை ஒரு பெயரில் சேர்த்து வைக்கும் தொகுப்பு) திறந்தது. உட்கார்ந்ததும் செயல்களை எழுதத் தொடங்காதீர்கள், தரவை எழுதுங்கள். திறந்த ஒர்க்ஸ்டேஷன்களின் கணம், ஆக்டிவ் ஆனவற்றின் கணம், திறந்திருக்கும் செக்மென்ட்டின் பெயர், ஐந்தில் எது என்று காட்டும் மாறி. பிறகு எப்போதும் மாறக்கூடாத நிபந்தனைகள்: ஆக்டிவ் கணம் திறந்த கணத்தின் உட்கணம், செக்மென்ட் திறந்திருந்தால் ஆக்டிவ் கணம் வெற்றுக்கணம் அல்ல.

இதை எழுதும்போதே ஒன்று பிடிபடும். கடைசி மூன்று நிலைகளில் எது என்பதை, கணங்களையும் செக்மென்ட் பெயரையும் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் இரண்டில்தான் எல்லாமே காலி. அவற்றைப் பிரிக்க மட்டுமே அந்த மாறி தேவை. மாறியைத் தனியாக வைத்தால், அது கணங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதையும் நிபந்தனையாக எழுத வேண்டும்.

ஆக்டிவ் நீக்கும் செயலில் பலர் சறுக்குகிறார்கள். செயல் முடிந்ததும் நிலை ‘ஒர்க்ஸ்டேஷன் திறந்தது’ ஆகிவிடும் என்று எழுதிவிடுவார்கள். மூன்று ஆக்டிவாக இருந்து ஒன்றை நீக்கினால் இன்னும் இரண்டு இருக்கிறதே! புதிய கணம் வெற்றானால் மட்டும் நிலை இறங்கும். செக்மென்ட் திறந்திருக்கும்போது இந்தச் செயலைத் தரநிலை ஏன் அனுமதிப்பதில்லை என்பதும் இங்கே விளங்கும்: கடைசி ஒர்க்ஸ்டேஷன் போய்விட்டால் மேலே எழுதிய இரண்டாவது நிபந்தனை உடைந்துவிடும்.

இனி பாலிலைன். ‘ஒர்க்ஸ்டேஷன் ஆக்டிவ்’ அல்லது ‘செக்மென்ட் திறந்தது’ நிலையில்தான் அழைக்கலாம். தவறினால் பிழை 5. புள்ளிகள் இரண்டுக்குக் குறைந்தால் பிழை 100. சரி, நிலையும் தவறு, புள்ளியும் ஒன்றே ஒன்று என்றால் எந்தப் பிழை வரும்? உரைநடையை வாசிக்கும்போது இந்தக் கேள்வி மனதில் எழாது. குறியீட்டில் எழுதும்போது தப்பிக்க வழியில்லை. 5 முந்தும் என்று எழுதலாம், அல்லது இரண்டில் எதுவானாலும் சரி என்றும் எழுதலாம். எதை எழுதினாலும் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். “திரும்ப எழுதி என்ன ஆகும்” என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

இரண்டு எச்சரிக்கைகள். பிழை வரும் வழக்குகளை முன்நிபந்தனைக்குள் (செயலை அழைக்கும் முன் உண்மையாக இருக்க வேண்டியது) தள்ளிவிட்டால், தவறான அழைப்புக்கு என்ன நடக்கும் என்று உங்கள் விவரிப்பு எதையும் சொல்லாது. தரநிலைக்கு அது போதாது. ‘பிழை எண் வெளியே வரும், தரவு மாறாது’ என்று தனி வழக்காக எழுதுங்கள். இன்னொன்று, இசட் குறியீட்டில் டெல்டா (இந்தச் செயல் தரவை மாற்றலாம் என்ற குறி) போட்டுவிட்டு, மாறாதவற்றை மாறவில்லை என்று எழுத மறந்தால், அவை எப்படி வேண்டுமானாலும் மாறலாம் என்றே பொருள். வி.டி.எம்.மில் எதை வாசிக்கலாம், எதை மாற்றலாம் என்று தலைப்பிலேயே பட்டியலிடுவதால் இந்த ஆபத்து குறைவு. முதன்முறை எழுதுபவருக்கு வி.டி.எம்.மையே சொல்வேன். அதற்கு ஓவர்ச்சர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பின்நிபந்தனை (செயல் முடிந்ததும் உண்மையாக வேண்டியது) மட்டும் எழுதிய செயலை அது ஓட்டிக்காட்டாது. செய்முறையையும் சேர்த்து எழுதினால் ஓட்டி, நிபந்தனை உடையும் இடத்தைக் காட்டும்.

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸுக்கான பூ டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறோம். ஐந்து முனை நட்சத்திரம் ஒரு சாஃப்ட்வேரில் முழுக்க நிறம் நிரம்பி வருகிறது; இன்னொன்றில் நடுவே ஐங்கோண ஓட்டை விழுகிறது. அச்சு வெட்டக் கொடுத்தால் எதை வெட்டுவார்கள்? — ஆத்தங்குடி வாசகர்

பதில்: சாஃப்ட்வேர் இரண்டிலும் கோளாறு இல்லை, விதிதான் வேறு. நட்சத்திரத்தின் நடுவிலிருந்து வெளியே ஒரு கோடு இழுங்கள். அது இரண்டு பக்கங்களை வெட்டும். வெட்டும் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் மட்டும் உள்ளே என்பது ஒரு விதி, ஜி.கே.எஸ். பின்பற்றுவது இதைத்தான், அதனால் நடுவில் ஓட்டை. மற்ற விதி, வெட்டும் பக்கம் ஒரு திசையில் சுற்றினால் +1, எதிர்த்திசையில் சுற்றினால் −1 என்று கூட்டிப் பார்க்கும். கூட்டல் பூஜ்யமாகாவிட்டால் உள்ளே. நடுவில் 2 வரும், நிறம் நிரம்பும். எஸ்.வி.ஜி. என்ற படக்கோப்பு வடிவத்தில் எதுவும் குறிப்பிடாவிட்டால் இந்த இரண்டாவது விதிதான்.

அச்சுக்குக் கொடுக்கும்போது விதியை நம்பி இருக்காதீர்கள். ஐந்து வெளிமுனை, ஐந்து உள்முனை என்று பத்துப் புள்ளிகளை வரிசையாகச் சுற்றி இணையுங்கள். உள்முனை ஆரம் வெளி ஆரத்தில் 0.382 பங்கு. கோடுகள் குறுக்கே வெட்டாத உருவத்துக்கு இரண்டு விதியும் ஒரே விடைதான் தரும்.

கிடைக்கோடு கிடைக்கோடாக நிரப்பும் புரோகிராமை நீங்களே எழுதினால் முனைகளில் கவனம். ஒரு பக்கத்தின் கீழ்முனை உயரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மேல்முனை உயரத்தைச் சேர்க்காதீர்கள். இரண்டையும் சேர்த்தால் கோடு கடந்துபோகும் முனை இருமுறை எண்ணப்பட்டு, அந்த உயரத்தில் கிடைமட்டமாக ஒரு கீற்று ஓடும்.

கேள்வி: ஓபன்ஜிஎல் என்ற வரைகலைத் தரநிலையில் எழுதிய ஒரே புரோகிராம், இரண்டு கம்ப்யூட்டர். கோட்டில் ஒன்றிரண்டு பிக்சல் இடம் மாறுகிறது. தரநிலையைத் துல்லியமாக எழுதியிருந்தால் இப்படி வருமா? — தேவகோட்டை வாசகர்

பதில்: வரும். பிக்சல் அளவில் ஒன்றாக இருக்கும் என்று ஓபன்ஜிஎல் தரநிலை எங்கும் உறுதி தரவில்லை. அப்படி அல்ல என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. தளர்வாக இருப்பதும் துல்லியமின்மையும் ஒன்றல்ல. கோட்டுக்கான பிக்சல்களைத் தேர்ந்தெடுக்கும் பிரெசன்ஹாம் முறையில்தான் வரைய வேண்டும் என்று எழுதினால் வன்பொருள் செய்பவர் கையைக் கட்டிப்போட்டதாகும். அதற்குப் பதில் ஒவ்வொரு பிக்சல் மையத்தையும் சுற்றி ஒரு வைர வடிவத்தை வைத்து, கோடு எந்த வைரங்களை விட்டு வெளியேறுகிறதோ அந்தப் பிக்சல்கள் என்று முன்மாதிரி ஒன்றை வரையறுக்கிறது. பிறகு எவ்வளவு விலகலாம் என்று எல்லை போடுகிறது.

ஆகவே இரண்டு படங்களையும் பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடும் சோதனையைக் கைவிடுங்கள். மென்மையாக்கலை அணைத்து, ஒரு பிக்சல் தடிமனில் படுக்கைவாட்டுச் சாய்வுள்ள (உயரத்தைவிட நீளவாக்கில் அதிகம் போகும்) கோடு ஒன்றை வரைந்து, இவற்றைச் சோதியுங்கள்: எந்தப் பிக்சலும் முன்மாதிரியிலிருந்து கிடையாகவோ செங்குத்தாகவோ ஓர் அலகுக்கு மேல் விலகக்கூடாது, மொத்த எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் வேறுபடக்கூடாது, ஒரே நெடுவரிசையில் இரண்டு பிக்சல் விழக்கூடாது. ஒரு முனையில் சேரும், இரண்டுமே இடமிருந்து வலமாகப் போகும் இப்படிப்பட்ட இரண்டு கோடுகளையும் வரைந்து பாருங்கள். சேரும் இடத்தில் பிக்சல் இரட்டிக்கவும் கூடாது, விட்டுப்போகவும் கூடாது. இவற்றில் ஏதாவது தவறினால் டிரைவரைச் சந்தேகிக்கலாம்.