நாலு ரேம் ஸ்டிக் சேர்ந்தால் 3600 வேகம் ஏன் நிற்கவில்லை?

இரண்டு ஜோடி ரேமும் தனித்தனியாக 3600இல் (நொடிக்கு இத்தனை மில்லியன் பரிமாற்றம்) ஓடுகின்றன, நாலையும் சேர்த்து எக்ஸ்எம்பி (ரேமை அதற்குக் குறித்த வேகத்துக்கு ஏற்றும் அமைப்பு) போட்டால் கறுப்புத் திரை என்கிறீர்கள். அப்படியானால் ரேம் மேல் குற்றமில்லை. உங்கள் ரைசன் 5600எக்ஸ் பிராசஸருக்கு, அதைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லும் எல்லையே 3200தான். நாலு ஸ்டிக் என்றால் பிராசஸருக்குள் ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் மதர்போர்டுக்கும் சுமை இன்னும் கூடும்.

முதலில் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட். அப்புறம் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, டைமிங்கை (ரேமின் காத்திருப்பு நேரங்களை) கொஞ்சம் தளர்த்தி 3200, 3333, 3466 என்று படிப்படியாக ஏறுங்கள். எஃப்கிளாக் (பிராசஸரின் பாகங்களை உள்ளே இணைக்கும் தடத்தின் வேகம்) எப்போதும் அதில் பாதி: 3466க்கு 1733. எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.1 வோல்ட் போதும். ஒவ்வொரு படியிலும், ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். விண்டோஸ்தான் திறந்துவிட்டதே என்று நம்பாதீர்கள்; நான் நம்பி, ஒரு முறை பாதிக் கோப்புகளைக் கெடுத்துக்கொண்டேன். 3466 நின்றால் அதோடு விடுங்கள், 3600க்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணில் படாது.