பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு என்ன மாத்திரை?

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து நண்பர்கள். ஒருவர் மருத்துவர், இருவர் நர்சிங் முடித்தவர்கள். சென்ட்ரல், பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் வசிப்பவர்களுக்காக மாதம் ஒரு ஞாயிறு இலவச மருத்துவ முகாம் நடத்த நினைக்கிறோம். என்னென்ன மருந்து வாங்கிவைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?
எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த மாதம் ஒரு ஞாயிறை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை கட்டு மாற்றி எந்தப் புண்ணும் ஆறாது. பந்தல் போட்டால் நடக்க முடிந்தவர்கள் வருவார்கள். காலில் சீழோடு மேம்பாலத்துக்கு அடியில் கிடப்பவர் வரமாட்டார். வாரம் இரண்டு நாள், ஒரே தெரு, ஒரே நேரம், அதே ஆட்கள் என்று போங்கள். பகலில் மூட்டை தூக்கவும் குப்பை பொறுக்கவும் போய்விடுவார்கள் என்பதால் இரவு ஒன்பது மணிதான் சரி. அங்கேயே படுப்பவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஜிம் விதர்ஸ் என்ற மருத்துவர் 1992இல் இரவுத் தெருக்களில் இறங்கியபோது அவருக்கு வழிகாட்டியவரும் தெருவில் வாழ்ந்தவர்தான்.

மருந்தை, தெருவில் படுப்பவரிடம் என்ன இல்லை என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கழிப்பறை இல்லை. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சிறுநீர் பெருக்கி கொடுத்தால், இருட்டில் ஒதுங்கப் பயந்து பெண்கள் நிறுத்திவிடுவார்கள். அம்லோடிபின் 5 மி.கி. தினம் ஒன்று பெரும்பாலும் போதும். கணுக்கால் வீங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லை. சர்க்கரை நோய்க்குக் கிளிபென்கிளமைடு போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி விழுவார்; குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று ஊரே தாண்டிப் போகும். சிறுநீரகம் சரியாக இருந்தால் மெட்ஃபார்மினில் அந்த ஆபத்து மிகக் குறைவு. சளிக்குத் தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் வேண்டாம். லாரி போகும் ஓரத்தில் படுப்பவர் அசந்து தூங்கக் கூடாது, பெண்கள் இன்னும் கூடாது. இன்சுலின் தேவைப்படுபவருக்கு ஃபிரிட்ஜ் உள்ள ஒரு கடைக்காரரையோ காப்பகத்தையோ பிடித்த பிறகே தொடங்குங்கள்.

சொறி சிரங்குக்கு பெர்மெத்ரின் களிம்பை எழுதுவது எல்லோருக்கும் பழக்கம். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூசி, எட்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுக் குளிக்க வேண்டும். குழாயே இல்லாத இடத்தில் எங்கே குளிப்பது? ஐவர்மெக்டின் மாத்திரைதான் நடக்கிற காரியம். 60 கிலோ உடம்புக்கு 12 மி.கி., ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு முறை. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கூடாது. அவர்களுக்கு மட்டும் களிம்பு. சேர்ந்து படுக்கும் எல்லோருக்கும் ஒரே இரவில் கொடுக்காவிட்டால் திரும்ப வந்துவிடும்.

எதையும் ஒரு வாரத்துக்கு மேல் கையில் கொடுக்காதீர்கள். நனையும், திருடுபோகும், நடைபாதையைக் காலி செய்ய வருபவர்கள் மூட்டையோடு அள்ளிப்போவார்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. இவர்களுக்குக் கதவு எண் இல்லை. அந்தப் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, இவர்கள் பெயரில் மாத்திரை வாங்கி, வாரவாரம் நீங்கள் பிரித்துக் கொடுக்கலாம்.

உங்கள் நேரத்தில் பாதி புண்ணுக்கே போகும். ஒரு புண்ணுக்கு 500 மி.லி. சலைன் (உப்புநீர்) பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மி.லி. சிரிஞ்சில் 18 கேஜ் ஊசி மாட்டிப் பீய்ச்சினால்தான் அடியில் உள்ள அழுக்கு வெளியேறும். பஞ்சால் துடைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் புதிதாக வளரும் சதையும் சாகும். புழு வைத்திருந்தால் டர்பன்டைன் நனைத்த காஸ் துணியைப் பத்து நிமிடம் வைத்து, மேலே வருபவற்றை இடுக்கியால் எடுத்துவிட்டு, சலைனில் நன்றாகக் கழுவுங்கள். காது, மூக்கு, கண்ணில் புழு என்றால் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மழைக்குப் பயந்து பாலித்தீன் சுற்றிவிடாதீர்கள், உள்ளே வியர்த்து ஊறிப்போகும். கட்டு அவிழ்வதற்குப் பெரும்பாலும் காரணம் வெறுங்கால்தான். கட்டோடு நுழைகிற மாதிரி ஓர் அளவு பெரிய செருப்பு வாங்கிக் கொடுங்கள். ஆன்டிபயாடிக்கைவிட அதற்குச் செலவழிக்கலாம். விரல் கறுத்திருந்தாலோ, அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்றாலோ அன்றிரவே மருத்துவமனை.

நாய்க்கடி அடிக்கடி வரும். பதினைந்து நிமிடம் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தோலுக்குள் போடும் ரேபிஸ் தடுப்பூசிக்கு, முதல் ஊசி நாளை 0 என்று வைத்தால், 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். முதல் ஊசிக்கு எல்லோரும் போவார்கள், 28ஆம் நாளை நினைவு வைப்பது உங்கள் வேலை.

அட்மிஷனின்போது "கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். உங்களில் ஒருவர் அந்த அட்டெண்டராக நிற்க வேண்டும். தினமும் குடிப்பவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திடீரென்று நின்றால் ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். மனநோயோடு அலைபவருக்கு 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவு இருக்கிறது. அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையப் பொறுப்பு. பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு மாறும்.

பயன்படுத்திய ஊசியையும் கத்தியையும் துளைக்க முடியாத மூடிபோட்ட டப்பாவிலும், கட்டுத்துணியை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையிலும் போட்டு, உங்கள் மருத்துவர் வேலை பார்க்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். மாநகராட்சித் தொட்டியில் போட்டால் விடிகாலையில் அதைக் கிளறுபவர், நேற்றிரவு நீங்கள் கட்டுப் போட்டவராகவே இருக்கலாம்.