பிரசவத்துக்குப் போய்வந்தால் பழைய சர்வீஸ் அழிந்துவிடுமா?

கேள்வி: மதுரையில் நாற்பது பேர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் 2014 ஜூன் மாதம் சேலைப் பிரிவில் சேர்ந்தேன். 2022இல் பிரசவத்துக்காக ஐந்து மாதம் போகவில்லை. 2026 ஜனவரி கடைசியில் வேலையை விட்டுவிட்டேன். கடைசிச் சம்பளம் ரூ.13,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்டால், "பிரசவம் முடிந்து வந்தபோது புதிதாகத்தான் சேர்ந்தாய், ஐந்து வருடம் ஆகவில்லை" என்கிறார் முதலாளி. ரூ.20,000 கொடுத்து, 'இனிப் பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதிய வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். வேலையில் சேர்ந்ததற்கான உத்தரவு என்று என்னிடம் எதுவும் இல்லை. ஈஎஸ்ஐ, பிஎஃப் பிடித்தார்கள். பிரசவத்தின்போது ஈஎஸ்ஐ பணம் வங்கிக் கணக்கில் வந்தது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே வழக்கின் பாதி முடிந்துவிடுகிறது. பேறுகால விடுப்பு 26 வாரம் வரை தொடர்ச்சியான பணிக்காலமாகவே கணக்கிடப்படும். நீங்கள் போகாதது ஐந்து மாதம்தான். அந்த நாட்களில் நீங்கள் அந்தக் கடையின் ஊழியர் என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஈஎஸ்ஐ பணம் கொடுத்தது. அரசுக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு வேறு கணக்கு என்று முதலாளி சொல்ல முடியாது.

1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் உங்களைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதியும் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கும் மாறவில்லை. ரூ.13,000த்தை, மாதத்தின் வேலை நாட்களாகக் கொள்ளும் 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் ரூ.500. பதினைந்து நாளுக்கு ரூ.7,500. உங்கள் சர்வீஸ் பதினோரு வருடம் ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகும் என்பதால் பன்னிரண்டு. ஆக ரூ.90,000. சம்பளத்தில் பெரும்பகுதியை 'அலவன்ஸ்' என்று எழுதித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். பணிக்கொடைக் கணக்கில் சேர்க்காமல் கழிக்கக்கூடிய அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது.

வவுச்சரில் போட்ட கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம். சட்டம் தரும் பணிக்கொடையை எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. அந்த ரூ.20,000 கிராஜுவிட்டி கணக்கில் எழுதப்பட்டிருந்தால், மீதி ரூ.70,000 வர வேண்டும், அவ்வளவுதான். நியமன உத்தரவு இல்லாததும் பெரிய குறையல்ல. ஜவுளிக்கடையில் அதைக் கண்ணால் பார்த்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். பிஎஃப் பாஸ்புக், ஈஎஸ்ஐ அட்டை, சம்பளம் விழுந்த வங்கி வரவுகள், உங்கள் விற்பனை எண் போட்ட பழைய பில் இவை போதும்.

முதலில் கடை முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, தொகை மூன்றும் இருக்கட்டும், கோபம் வேண்டாம். பணிக்கொடையை முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே வேலை பார்த்ததாகவும் எழுதியிருந்தீர்கள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. உங்கள் கடையில் அந்த ஸ்டூல் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் போலிருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலியும் கேட்கலாம். ஆனால் வருகைப் பதிவேடு அவர்கள் கையில் இருக்கிறது, நிரூபிக்க நாளாகும். அதை இந்த மனுவோடு சேர்த்தால் இதுவும் இழுத்துக்கொண்டே போகும். தனியாகப் போடுவோம்.

அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். கொடுக்கும் முன் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.